ஓடத் தொடங்கியபோது வந்த கீழ்க்கால் வலி

மெரினாவின் சிமென்ட் நடைபாதையில் ஓடப் பழகிய சில வாரங்களிலேயே, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில், எலும்பின் உட்புற விளிம்பை ஒட்டி எனக்கு வலி எடுத்தது. விரலால் அழுத்திப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு நொந்தது. இவ்வாறு பரவலாக வலிப்பது பெரும்பாலும் எலும்பின் மீது சுமை திடீரெனக் கூடுவதால் வருவது என்றும், ஒரே புள்ளியில் குத்தி, படுத்திருக்கும்போதும் வலித்தால் நுண்முறிவாக இருக்கலாம் என்பதால் எலும்பு மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும் என்றும் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். ஓடத் தொடங்கும் ஒவ்வொருவரும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

நடக்கும்போது வலி முற்றிலும் நிற்கும்வரை ஓட்டத்தை நிறுத்தினேன். ஐஸ் ஒத்தடம் வலியைத் தணித்ததே தவிர, காரணத்தைத் தீர்க்கவில்லை. உண்மையில் பலன் தந்தது கெண்டைக்கால் பயிற்சிதான். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாகப் படிமட்டத்துக்குக் கீழே இறக்குவதை முதலில் இரு கால்களாலும், பிறகு ஒற்றைக் காலாலும் செய்தேன். மீண்டும் ஓடியபோது சமமான மண் தரையில், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என மாறி மாறித் தொடங்கி, அடிகளைக் குறுக்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் எலும்பின் விளிம்பை அழுத்திப் பார்த்து, வலி இல்லாவிட்டால் மட்டுமே ஓடும் நேரத்தைக் கூட்டினேன். இப்போது அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் வலி திரும்புவதில்லை.