ஞானாம்பாளை மேடையேற்றுவது எப்படி?

வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவல் அச்சானது 1879-இல். தலைப்பில் இருப்பவன் பிரதாபன், கதை சொல்பவனும் அவனே. மேடைக்கு வரும்போது கதையை அவன் மனைவி ஞானாம்பாளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். காணாமல் போன கணவனைத் தேடி ஆண் வேடத்தில் அலைபவளும், விக்கிரமபுரியில் யானை மாலை போட்டதால் ராஜா ஆகிறவளும் அவள்தானே! நாவலில் அந்தப் பகுதிகூட அவன் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. மேடையில் நேராகவே பார்த்துவிடலாம்.

முதலில் பென்சிலோடு படியுங்கள். கிளைக்கதைகளையும் நீதி உரைகளையும் அடித்துவிடுங்கள். அவற்றில் பல எனக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் ஒன்றரை மணி நேர நாடகம் அவற்றைத் தாங்காது. சம்பந்தம் பேசும் இடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்று இரண்டு அப்பாக்களும் மல்லுக்கட்டுவது இன்றைக்கும் அப்படியே எடுபடும்.

வேடம் மாறும் காட்சிக்கு நிறைய நேரம் கொடுங்கள். நடிகையைத் திரைக்குப் பின்னால் அனுப்ப வேண்டாம். எல்லோரும் பார்க்கக் கூந்தலை இறுக்கி முடிந்து, தலைப்பாகையை ஒவ்வொரு சுற்றாகக் கட்டட்டும். ஒத்திகையில் உடனே குரலைக் கட்டையாக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். குரல் அதேதான். நிற்கும் விதமும், பதில் சொல்லுமுன் எடுத்துக்கொள்ளும் நிதானமும் மாறினால் போதும்.

அப்புறம், நாவலில் இல்லாத ஒரு காட்சியைச் சேருங்கள். வெளியூர் வழிப்போக்கன் ஒருவன், ராஜாவாக இருக்கும் ஞானாம்பாளின் சபைக்கு வருகிறான். கணவனைப் பற்றி அவனிடம் கேட்டே ஆக வேண்டும், ஆனால் மனைவியாகக் கேட்க முடியாது. “வழியில் தனியாக யாரையாவது பார்த்தீர்களா?” என்று ராஜா விசாரிக்கிறார். என்னைக் கேட்டால், நாடகத்தின் காதல் காட்சி இதுதான்.

யானைக்கு ஒரு தவிலும் மேலிருந்து இறங்கும் மாலையும் போதும்.

தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களை நாவல் விளாசுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம்தான், அதனால் அந்தக் காட்சியில் கோட்டும் கவுனும் இன்றையதாகவே இருக்கட்டும்.

ஆசிரியர் 1889-இல் மறைந்தார், மூல நூலுக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. புதிய பதிப்புகளின் முன்னுரைக்கும் குறிப்புகளுக்கும் உரிமை இருக்கலாம். மூலத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.