உரக்கடையில் கடன் சொல்வதற்கு முன்

வடவாற்றில் தண்ணீர் வந்து வீராணம் ஏரி நிரம்பத் தொடங்கினால், காட்டுமன்னார்கோயில் பக்கத்து உரக்கடைகளில் புதுப் பேரேடு திறப்பார்கள். அப்படியொரு கடையில் 16 ஆண்டுகள் பேரேடு எழுதியவன் நான். அப்பா போன பிறகு வேலையை விட்டுவிட்டு, அவருடைய மூன்று ஏக்கரில் சம்பா செய்கிறேன். மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து எழுதிய கணக்கை இந்தப்பக்கம் நின்று பார்க்கும்போதுதான், எத்தனை பேர் தெரியாமலேயே வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று உறைத்தது. கடையில் கடன் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாற்று பறித்துக்கொண்டிருக்கும்போது கையில் பணம் இல்லாதவன் வேறு எங்கே போவான்? ஆனால் அந்தக் கடனுக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில் கடைக்காரரின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பார்த்த வரையில், உர நிறுவனம் உங்களுக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை. மொத்த வியாபாரிக்குச் சில வாரத் தவணை தரும். முன்கூட்டியே பணம் கட்டினால் தள்ளுபடி தரும். மாதக் கடைசியில் விற்பனை அலுவலர் வந்து, இன்னும் இத்தனை டன் எடுத்தால்தான் இலக்கு முடியும் என்பார். மொத்த வியாபாரி அதைச் சில்லறைக் கடைக்குத் தள்ளுவார். கடைக்காரர் வாரக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். உங்கள் நெல்லோ தை, மாசியில்தான் காசாகும். அந்த இடைவெளியை அவர் தன் பணத்தாலோ கடன் வாங்கியோ அடைக்கிறார். அதற்கான செலவு ஏதோ ஒரு வழியில் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

எந்த வழியில் ஏறும் என்பதைக் கண்டுபிடிக்க, உங்களுக்கு என்ன தேவை என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால், மத்திய, நீண்ட வயது நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 150, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 50, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 50 கிலோ என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 60, 20, 20 என்று வைத்துக்கொள்ளலாம். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் 46 சதவீதம் மணிச்சத்து, 18 சதவீதம் தழைச்சத்து. ஏக்கருக்கு 44 கிலோ டி.ஏ.பி. போட்டால் மணிச்சத்து சரியாகிவிடும். தழைச்சத்திலும் எட்டுக் கிலோ போல வந்துவிடும். மீதி 52 கிலோ தழைச்சத்துக்கு யூரியா இரண்டரை மூட்டை. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் உரம் 33 கிலோ. என் மூன்று ஏக்கருக்கு டி.ஏ.பி. 3 மூட்டை, யூரியா 8 மூட்டை, பொட்டாஷ் 2 மூட்டை. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைப்படி ஏறுகிறேன். சீட்டு இல்லாமல் போகிறவருக்குக் கடைக்காரர்தான் கணக்குப் போடுவார்.

அடுத்தது விலை. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். இரண்டும் மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். கடனுக்கு வாங்கினாலும் அதற்கு மேல் வாங்க யாருக்கும் உரிமை இல்லை. நான் எழுதிய பேரேட்டிலோ கடன்காரர் பக்கத்தில் யூரியா 320, டி.ஏ.பி. 1,500 என்று இருக்கும். "வட்டி கிடையாது, அறுவடைக்குக் கொடுங்கள் போதும்" என்று சொல்லித்தான் கொடுப்போம். என் தேவையை வைத்தே பாருங்கள். அச்சிட்ட விலையில் யூரியாவும் டி.ஏ.பி.யும் 6,182 ரூபாய். கடன் விலையில் 7,060. கூடுதல் 878 ரூபாய், நான்கு மாதத்துக்கு. நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி! வங்கியில் நகையை வைத்தால் பெரும்பாலும் ஒரு ரூபாய் வட்டிக்குள் முடிந்துவிடும். நான்கு மாதத்துக்கு 250 ரூபாய்கூட ஆகாது. இந்தக் கணக்கு அன்றைக்கே எனக்குத் தெரியும். வாய் திறக்காமல் எழுதினேன். அந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது.

ஆகவே கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "அச்சிட்ட விலையில் பில் போடுங்கள். வட்டி எவ்வளவு என்று தனியாகச் சொல்லுங்கள்." நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்றால் ஒன்றரை. இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் நெல் முன்னதாக விற்றுச் சீக்கிரம் கட்டும்போது வட்டி குறையும். விலைக்குள் புதைத்துவிட்டால், நாலாம் மாதம் கட்டினாலும் ரெண்டாம் மாதம் கட்டினாலும் ஒரே தொகைதான்.

யூரியா, டி.ஏ.பி.யில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். லாபம் பாட்டிலில் வரும் திரவங்களிலும் குருணை மருந்துகளிலும் இருக்கிறது. யூரியா தட்டுப்பாடாக இருக்கும் நாளில், இந்தத் திரவத்தையும் எடுத்தால்தான் மூட்டை என்பார்கள். அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசே சொல்லியிருக்கிறது. ரொக்கம் வைத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். கடன் கேட்டு நிற்பவருக்கு வாய் வராது. சட்டைப்பைச் சீட்டு அங்கேதான் கைகொடுக்கும். "வேளாண்மை அலுவலர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான், அவரிடம் கேட்டுவிட்டு வந்து மீதியை வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லலாம். அதற்கு அவரிடம் உண்மையிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். துத்தநாகக் குறை இருக்கும் வயலுக்கு துத்தநாக சல்பேட் தேவைதான். அது வேறு, பெயர் தெரியாத பாட்டில் வேறு.

கடையில் உர விற்பனையைப் பதிவு செய்யும் கைரேகைக் கருவியில் விரல் வைத்த பிறகு வரும் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். 2018 முதல் நிறுவனத்துக்கு மானியம் போவது அந்தக் கருவியில் பதிவாகும் விற்பனையை வைத்துத்தான். நீங்கள் வாங்கியது நான்கு மூட்டை என்றால் சீட்டிலும் நான்கு இருக்க வேண்டும். கடன் விற்பனைக்கும் ரசீது கொடுக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. "பணம் கட்டும்போது பில் தருகிறேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை. தர மறுத்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கலாம். கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் சொல்லலாம்.

கடைக்குப் போவதற்கு முன்பே, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போய்விடுங்கள். அங்கே பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கடனில் ஒரு பகுதியை உரமாகவே தருவார்கள். சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள், ஆதார் எல்லாவற்றையும் ஆடியிலேயே தயாராக வைத்திருந்தால் அலைச்சல் குறையும். தவணை நாளைத் தவறவிட்டால் சலுகை போய்விடும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். குத்தகைக்கு உழுபவர்கள் பெயரில் காகிதம் இருக்காது. கடைக்கடனில் அதிகம் மாட்டுவது அவர்கள்தான். நில உரிமையாளரிடம் கெஞ்சியாவது ஒரு குத்தகைச் சீட்டு வாங்கப் பாருங்கள். முடியாவிட்டால், நாலைந்து பேர் சேர்ந்து, ஒருவர் கடனுக்கு மற்றவரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியில் கேட்கலாம்.

உரக்கடைக்காரரே நெல்லும் வாங்குபவராக இருந்தால் இன்னொரு பேச்சு வரும்: "நெல்லை எனக்கே போடுங்கள்." மூட்டைக்கு 50 ரூபாய் குறைத்தால் 60 மூட்டைக்கு 3,000 ரூபாய். உரத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கில் பணம் வந்ததும் கடனைத் தீர்ப்பேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது. 2015இல் வெள்ளம். பயிர் போனாலும் பேரேட்டில் எழுதியது போகாது. அதனால் சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்த ரசீதை உர ரசீதுகளோடு ஒரே பையில் வையுங்கள்.

கடைசியாக, பத்திரம். தொகை எழுதாத புரோநோட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில்), ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். தொகையை எழுத்தாலும் எண்ணாலும் உங்கள் கண்முன் நிரப்பச் சொல்லுங்கள். வட்டி விகிதத்தையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். கடன் தீர்ந்த அன்றே அதைத் திரும்ப வாங்குங்கள். ஒரு தை மாதம், கணவரை இழந்த ஒரு அம்மா கடைசித் தவணையைக் கட்ட வந்தார். பத்திரம் எங்கே என்று தெரியவில்லை, பிறகு வாருங்கள் என்றோம். மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை இரும்பு பீரோவைக் குடைந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டாம்ப் இருந்த இடத்தில் குறுக்கே கிழித்து, இரண்டு துண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு போனார். உங்களுக்கும் பத்திரம் கிடைக்கவில்லை என்று சொன்னால், "கணக்கு முழுவதும் தீர்ந்தது, இன்ன தேதியிட்ட புரோநோட்டு இனிச் செல்லாது" என்று கடை முத்திரையோடு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கடைசி நூறு ரூபாயைக் கொடுங்கள்.