சண்டை முறையில் கை வைப்பதற்கு முன்: சர்வர் நடத்துகிறவர்களுக்குச் சில வேலைகள்

சொந்தமாக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருக்கிறீர்கள், தினமும் நாற்பது ஐம்பது பேர் வந்துபோகிறார்கள், ஒரு நாள் சண்டை போடும் விதத்தையே மாற்றலாம் என்று தோன்றுகிறது. அல்லது நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒரு மல்டிபிளேயர் கேம் செய்கிறீர்கள், அடுத்த பேட்சில் புது சண்டை முறை வருகிறது. எதுவாக இருந்தாலும் பட்டனை அழுத்துவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். யோசிக்காமல் அழுத்தி மாட்டியவன் நான்.

முதல் வேலை, ஆட்கள் விளையாடுவதை உட்கார்ந்து பார்ப்பது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், பார்த்தால் போதும். சர்வரில் நன்றாகச் சண்டை போடும் இரண்டு பேர், நேற்று வந்த இரண்டு பேர், இந்த நான்கு பேரின் கை என்ன செய்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், சண்டை முறை கோடில் மட்டும் இருப்பதில்லை, பாதி ஆட்களின் விரலில் இருக்கிறது, அதை உருவாக்கியவர்களுக்கே பல சமயம் தெரியாது.

மைன்கிராஃப்டையே எடுத்துக்கொள்வோம். 2016 பிப்ரவரி 29 அன்று, கணினியில் ஓடும் ஜாவா எடிஷனுக்கு 1.9 அப்டேட் வந்தது. அதற்கு முன்பு வாளை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் கிளிக் செய்து வீசலாம். 1.9இல் கூல்டவுன் வந்தது, அதாவது ஒரு அடிக்குப் பின் காத்திருக்க வேண்டிய நேரம்: வாள் முழு வலிமைக்கு ஏற அரை வினாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும், கோடரிக்கு இன்னும் அதிகம், அவசரப்பட்டு அடித்தால் அடி பலமாக விழாது. கேடயம் வந்தது, ரைட் கிளிக் செய்து வாளாலேயே தடுப்பது போனது. காகிதத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான், கண்மூடித்தனமாக கிளிக் பண்ணுவதற்குப் பதிலாக நேரம் பார்த்து அடி என்கிறது, அதில் என்ன தப்பு?

தப்பு என்னவென்றால், பழைய முறை கண்மூடித்தனமான கிளிக் இல்லை. ஒரு அடி விழுந்ததும் அடிபட்டவருக்கு அரை வினாடி பாதுகாப்பு உண்டு, அதற்குள் அதே வாளால் பத்து முறை கிளிக் செய்தாலும் கூடுதல் டேமேஜ் கிடையாது. வேகமான கிளிக்கின் பலன், அந்த அரை வினாடி முடிந்த நொடியில் அடி விழ வைப்பதும், எதிராளியைப் பின்னால் தள்ளிக்கொண்டே காற்றில் வைத்திருப்பதும். ஓடுவதை அடிக்கு அடி நிறுத்தித் தொடங்கினால் தள்ளல் கூடும் என்று கண்டுபிடித்தார்கள். தூண்டிலை வீசி எதிராளியைத் தட்டி நிலைகுலைய வைக்கக் கற்றார்கள், மீன் பிடிக்கிற தூண்டில்! இதையெல்லாம் பிளேயர்கள் வருடக்கணக்கில் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகினார்கள். 1.9 வந்த அன்று அந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி செல்லாக்காசானது. பிளேயர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் பெரிய பிவிபி சர்வர்கள் பல, 1.9க்கு முந்தைய 1.8 சண்டையிலேயே நின்றுவிட்டன, பிரபலமான ஹைபிக்சல் சர்வர் உட்பட. மொபைலில் ஓடும் பெட்ராக் எடிஷனுக்கோ இந்தக் கூல்டவுன் வரவே இல்லை. ஆக ஒரே பெயரில் பல சண்டைகள், ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் கத்துக்குட்டி. மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் தரப்பிலிருந்தே 2019லும் 2020லும் புதிதாகச் சில சோதனைப் பதிப்புகளை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள் என்றால், விஷயம் எவ்வளவு ஆறாமல் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சர்வரில் நடந்தது இதன் சின்ன நகல். ஒரு வார இறுதியில் அப்டேட் செய்தேன். சண்டை வரும், திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் திட்டவில்லை. சனிக்கிழமை டோர்னமென்ட் நடத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் வராமல் போனார்கள். அடுத்த வாரம் அந்த டோர்னமென்டுக்காக வந்தவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரம், இவர்களோடு பேசுவதற்காக மட்டும் வந்து ஓரமாக வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் வரவில்லை. அந்த வீடு கட்டுகிறவர்கள் ஒரு நாள்கூட வாளைத் தொட்டதில்லை.

அதனால் இரண்டாவது வேலை: இந்தச் சண்டை முறையோடு சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத எது எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நிறைய பேர் தவறவிடுவது இதைத்தான்.

ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமின் கதை இதற்கு நல்ல பாடம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாஜெக்ஸ் நிறுவனம் 2012 நவம்பர் 20 அன்று சண்டை முறையை அடியோடு மாற்றியது. அதற்கு முன்பு எதிரியை ஒரு முறை கிளிக் செய்தால் போதும், உங்கள் ஆள் தானாக அடித்துக்கொண்டிருப்பான், நீங்கள் நடுநடுவே சாப்பாடு கொடுப்பீர்கள், தேவைப்பட்டால் பிரேயர் (பாதுகாப்போ பலமோ தரும் பிரார்த்தனை) மாற்றுவீர்கள், மீதி நேரம் சாட்டில் அரட்டை. சலிப்பான சண்டை என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் அந்தச் சலிப்பில்தான் நட்பு வளர்ந்தது என்பது என் கணிப்பு. புது முறையில் திரைக்குக் கீழே வரிசையாகத் திறன்கள், ஒவ்வொன்றுக்கும் கூல்டவுன், கண் எப்போதும் அந்த வரிசையில். கை பிஸியானால் வாய் மூடிக்கொள்ளும் இல்லையா? அதோடு எந்த ஆயுதம் பெரிது, எந்தக் கவசம் வீண் என்ற கணக்கும் மாறியது, வருடக்கணக்கில் சேர்த்த பொருளின் மதிப்பு கையிலிருக்கும்போதே ஆடியது.

மூன்று மாதத்தில் ஜாஜெக்ஸ் ஒரு வாக்கெடுப்பு வைத்தது. அவர்களிடம் 2007 ஆகஸ்ட் மாதத்து பேக்கப் ஒன்று இருந்தது, அதை மறுபடி திறக்கலாமா என்று கேட்டார்கள். 4,49,351 வாக்குகள் விழுந்தன. 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறந்தது, இன்றைக்கு ஆள் எண்ணிக்கையில் புதியதைவிடப் பழையதுதான் பெரியது. புதிய கேமிலும் பழைய சண்டையைப் போல ஒரு மோடை 2014 ஜூலையில் கொடுத்தார்கள். தாமதம், போகிறவர்கள் போய்விட்டார்கள். அதையே 2012 நவம்பரில் முதல் நாளே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

பேக்கப் எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சரி, சொல்லிவிட்டேன். உலகக் கோப்புகள் மட்டுமல்ல, பிளக்இன் (சர்வரோடு சேர்க்கும் துணை நிரல்) அமைப்புகள், எந்த வெர்ஷனில் ஓடியது, எல்லாம். தேதி போட்டு வையுங்கள்.

இன்னொரு கதை, ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ். இது எனக்கு இன்னும் பிடித்த உதாரணம். 2003இல் வந்த அந்த கேமில் சண்டையில் அடிபட்டால் உடம்பு மட்டும் அல்ல, மனமும் களைக்கும், அந்தக் களைப்பு போக வேண்டுமென்றால் ஊருக்குத் திரும்பி விடுதியில் உட்கார்ந்து ஆட்டத்தையும் பாட்டையும் ரசிக்க வேண்டும். ஆடுகிறவர், பாடுகிறவர், காயத்துக்கு மருந்து போடுகிற டாக்டர் எல்லாம் உங்களைப் போன்ற பிளேயர்களே. அதாவது அடி வாங்குவதுதான் ஊரை ஊராக வைத்திருந்தது. 2005 ஏப்ரலில் ஒரு முறை, நவம்பர் 15 அன்று மறுபடி ஒரு முறை என ஒரே வருடத்தில் இரண்டு தடவை சண்டையை மாற்றினார்கள். இரண்டாவது மாற்றத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. அதைப் பற்றிய அறிவிப்பு வந்தது ஏறத்தாழ இரண்டு வாரம் முன்புதான், அதுவும் புது எக்ஸ்பான்ஷனை, அதாவது காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதியை, விற்ற கையோடு. கொதித்துப்போனவர்களுக்கு அந்த எக்ஸ்பான்ஷன் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. கேம் 2011 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது, ரசிகர்கள் 2005 ஏப்ரலுக்கு முந்தைய நிலையைத் தாங்களாகவே எமுலேட்டரில், அதாவது பழைய சர்வரைப் போலவே நடக்கும் மென்பொருளில், கட்டி எழுப்பினார்கள்.

ஆக, உங்கள் பட்டியலில் சண்டை போடுகிறவர் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. ஆயுதம் செய்து விற்கிறவர், பயிற்சி கொடுக்கிறவர், டோர்னமென்ட் நடத்துகிறவர், வேடிக்கை பார்க்கிறவர், எல்லோரையும் எழுதுங்கள். பிறகு கேளுங்கள், ஆனால் “புது முறை பிடிக்குமா?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் எப்போதும் ஆமாம் அல்லது கெட்ட வார்த்தை. “இதை மாற்றினால் உனக்கு என்ன கைவிட்டுப் போகும்?” என்று கேளுங்கள்.

அப்புறம் சோதனை. மைன்கிராஃப்ட் சர்வர் என்றால் உங்கள் பாடு சுலபம். ஓல்டுகாம்பாட்மெக்கானிக்ஸ் என்றொரு பிளக்இன் இருக்கிறது, புது வெர்ஷனில் ஓடும் சர்வரிலேயே 1.8 சண்டையைக் கிட்டத்தட்டத் திரும்பக் கொண்டுவரும், தூண்டில் தட்டல் உட்பட, வேண்டாததை அணைத்தும் வைக்கலாம். பிளக்இன் வேண்டாம் என்றால் அட்டாக் ஸ்பீடு என்ற அட்ரிபியூட்டை, அதாவது அடிக்கும் வேகத்தின் அளவை, ஏற்றிவிடலாம்: சாதாரணமாக அது 4, வாள் எடுத்தால் 1.6 ஆகக் குறையும், அடிப்படை மதிப்பை 40க்கு ஏற்றினால் கூல்டவுன் இருப்பதே தெரியாது. கேடயம், உடல்நலம் ஏறும் வேகம் இதெல்லாம் அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம், பாதி பழையது பாதி புதியது என்ற கலவை சில சமயம் இரண்டையும்விட மோசம். சர்வர் 1.8லேயே இருக்கட்டும், ஆட்கள் புது வெர்ஷனில் வரட்டும் என்றால் வயாவெர்ஷன் என்ற பிளக்இன் போடுங்கள்.

பழையதற்கு ஒரு அரங்கம், புதியதற்கு ஒரு அரங்கம் என்று பிரிப்பது எல்லோருக்கும் தோன்றும் தீர்வு. ஆயிரம் பேர் வருகிற இடத்தில் சரி. சண்டைக்கு நடுவே சுவர் கட்டி மறைந்து சுடும் ஃபோர்ட்நைட் கேம் 2022 மார்ச்சில் கட்டுமானத்தைச் சில நாட்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு கட்டுமானத்தைத் திரும்ப வைத்து, கட்டாமல் விளையாட ஜீரோ பில்டு என்ற தனி மோடையும் விட்டது, இரண்டுக்கும் ஆள் இருந்தது. உங்கள் நாற்பது பேரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு அரங்கிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். சின்ன இடத்தில் கிழமையைப் பிரியுங்கள், வெள்ளிக்கிழமை பழைய சண்டை, சனிக்கிழமை புதியது, எல்லோரும் ஒரே அரங்கில்.

சோதனைக்கு முடிவுத் தேதி போடுங்கள். மூன்று வாரம் போதும். முதல் வாரத்துச் சத்தத்தை நம்பாதீர்கள், கை பழகாத எரிச்சல் எந்த மாற்றத்திலும் வரும். இரண்டாவது மூன்றாவது வாரம் யார் திரும்பி வருகிறார்கள், தானாகப் போட்டியிட எத்தனை பேர் கேட்கிறார்கள், தோற்றவர் மறுபடி ஒரு ஆட்டம் கேட்கிறாரா வெளியேறுகிறாரா, சாட்டில் பேச்சு குறைந்ததா, இவைதான் முக்கியம். நினைவில் நிற்காது, நோட்டில் எழுதுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மாற்றம் ஒருவரின் திறமையையே அர்த்தமில்லாமல் ஆக்கினால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள். 2018 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டில் இன்ஃபினிட்டி பிளேடு என்ற வாள் வந்தது, எடுத்தவர் ஜெயித்தார், டோர்னமென்ட் நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. சில நாட்களிலேயே தூக்கிவிட்டார்கள், இன்று அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். தானாக வழுக்கி விழுவதும் இந்த வகை: 2008இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் ஓடத் தொடங்கும்போது உங்கள் ஆள் திடீரென்று தடுக்கி விழுவான், காரணம் எதுவும் கிடையாது, அதிர்ஷ்டம்தான். அடுத்த கேமில் அது இல்லை.

ஆனால் எதிர்ப்பு வந்தாலே பின்வாங்க வேண்டும் என்று இல்லை. பழைய முறையில் ஆட்டோகிளிக்கர் (தானாகக் கிளிக் செய்யும் மென்பொருள்) வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள், இதை நான் கண்ணால் பார்த்தேன். புதிதாக வந்தவர் பத்து நிமிடத்தில் ஓடிப்போகிற அளவுக்குப் பழைய ஆட்கள் அவரை நசுக்குகிறார்கள் என்றால் மாற்றம் தேவைதான். அப்போது எதற்காக மாற்றுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், “விளையாட்டை மேம்படுத்துகிறோம்” என்ற பொத்தாம்பொதுவான வசனம் வேண்டாம். அறிவிப்பு இந்த மாதிரி இருக்கலாம்:

“வர்ற 10ஆம் தேதியிலிருந்து 31 வரைக்கும் சனிக்கிழமைகளில் கூல்டவுன் சண்டை. காரணம், புதுசா வர்றவங்க முதல் நாளே போய்டறாங்க. வெள்ளிக்கிழமை பழையபடிதான். 31க்கு அப்புறம் எண்ணிக்கையை எல்லோருக்கும் காட்டி முடிவு பண்ணலாம். டோர்னமென்ட் புள்ளிகள் தொடப்படாது.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஆட்கள் சம்பாதித்தது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் பாதி கோபம் எழாது. புகார்களை அழிக்காதீர்கள். “விளையாடத் தெரியாதவன்தான் புலம்புவான்” என்று உங்கள் மாடரேட்டர் யாராவது எழுதினால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள், அந்த ஒரு வரி எந்தக் கூல்டவுனையும்விட அதிகம் பேரைத் துரத்தும்.

ஏற்கெனவே மாற்றி, ஆட்கள் போய்விட்டார்கள் என்றால் பொது அறிவிப்பு போட்டுப் பிரயோஜனம் இல்லை, போனவர்கள் அதைப் படிக்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், என்ன மாற்றினேன், எதைத் திரும்ப வைத்திருக்கிறேன், எந்த நாள். டோர்னமென்ட் நடத்தியவர்களுக்கு முதலில். நான் ஏழு பேருக்கு எழுதினேன். மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் வருகிறார், கையில் தூண்டிலோடு.