பழைய சாலையின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது எப்படி?

1937 முதல் 1939 வரை அயர்லாந்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் எழுத்து வேலை கொடுத்தார்கள். ஊர்ச் சாலைகள், பழைய இடுகாடுகள் என்று தலைப்பு தலைப்பாக வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். ஏறக்குறைய 5,000 பள்ளிகளின் நோட்டுகள் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிங்கப்பூரின் பழைய பிடாடரி இடுகாட்டைப் பற்றிப் பெரியம்மாவிடம் கேட்க உட்கார்ந்தபோது அந்தப் பிள்ளைகளின் வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"அங்கே பேய் இருந்ததா?" என்று ஆரம்பிக்காதீர்கள். சாலையைக் கேளுங்கள். எந்த பஸ், எங்கே இறங்குவீர்கள், இருட்டிவிட்டால் எந்தப் பக்கமாக நடப்பீர்கள்? பெரியம்மா மேசையில் விரலாலேயே அப்பர் சிராங்கூன் சாலையை இழுத்தார். பிஸ்கட் டின்னை நகர்த்தி, "இதுதான் இடுகாடு" என்றார். அப்புறம் நான் எதுவும் கேட்கவே இல்லை. அந்த இடம் வந்தால் பஸ்ஸில் அவர் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாராம். வீடு திரும்பியதும் கால் கழுவாமல் யாரும் உள்ளே நுழைய முடியாதாம்.

ஐரிஷ் கதைகளும் இப்படி நடைவழியை ஒட்டித்தான் இருக்கும். ஒரு குறிப்பிட்ட புல்தரையை மிதித்தால் திசை தப்பும், சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போடு. பஞ்சத்தில் செத்தவர் விழுந்த இடத்துப் புல்லில் கால் பட்டால் பசி ஆளைச் சாய்க்கும், கையில் ரொட்டி வைத்துக்கொள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்குத் அப்போது தேவாலய இடுகாட்டில் இடம் கொடுக்கவில்லை. ஊர் எல்லையிலும் பழைய மண் அரண்களுக்குள்ளும் புதைத்து, பெயரில்லாத கற்களை நட்டார்கள். அப்படிப்பட்ட பல இடங்களைக் காத்துக் கொடுத்தது ஊர்ப் பேச்சுதான்.

நமக்கு அந்தக் கல்கூடப் பெரும்பாலும் இல்லை. இந்துக்களுக்கும் இடமிருந்த பிடாடரியில் 1972க்குப் பிறகு அடக்கம் நின்றது. 2001 முதல் 2006 வரை கல்லறைகளைத் தோண்டி அகற்றினார்கள். இப்போது அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள். அதனால் கேட்பதை இப்போதே கேளுங்கள்.

சொன்னவரின் பெயர், வயது, அப்போது குடியிருந்த இடம் மூன்றையும் மேலே எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே விடுங்கள், திருத்த வேண்டாம். இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டும் இருக்கட்டும். பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் பழைய வரைபடங்களோடு ஒப்பிடலாம். அங்கே தமிழ் வாய்மொழிப் பதிவுகளும் உண்டு.

ஒன்று மட்டும். நம் வீடுகளிலும் சின்னக் குழந்தைகளைப் புதைப்பதே வழக்கம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் ஃபோன் பதிவை நிறுத்திவிடுங்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், எழுதலாமா என்று மறுநாள் கேளுங்கள்.