கைப்பேசியின் இருப்பிடமும் கேமராவும்: உலாவிக்கு ஒரு சீரான ஜாவாஸ்கிரிப்ட் இடைமுகம் அமைக்கும் முறை

வெட்டிய செம்பனைக் குலைகளை லாரி வந்து ஏற்றுவதற்கு முன்பே எண்ணி, அவை அடுக்கப்பட்டுள்ள இடத்தோடும் ஒரு படத்தோடும் பதிவு செய்வதற்காக, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்கு ஓர் இணையச் செயலி எழுதியிருக்கிறேன். கைப்பேசியின் இருப்பிடம், கேமரா, அதிர்வு ஆகிய மூன்றையும் செயலியின் மற்றப் பகுதிகள் நேரடியாகத் தொடாமல், இடையில் ஒரே கோப்பு நின்று பெற்றுத் தருகிறது. அந்தக் கோப்பை வடிவமைக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். ஃபங்ஷன் எழுதவும் பிராமிஸைக் கையாளவும் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: வேலையின் பெயரை வையுங்கள்

கருவியின் பெயரில் தொடங்காமல், செயலிக்கு என்ன வேண்டும் என்பதைத் தாளில் எழுதுங்கள். எனக்குத் தேவைப்பட்டவை மூன்றே: ‘இடம்_பெறு’, ‘படம்_எடு’, ‘பதிந்ததை_உணர்த்து’. ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களில் யூனிகோட் எழுத்துகளை ஏற்பதால் இவற்றைத் தமிழிலேயே வைத்தேன்; தோட்டத்துக் கணக்கைப் பார்க்கும் கிராணியாரோடு உட்கார்ந்து பேசும்போது அவரும் நானும் ஒரே சொல்லைச் சொல்ல முடிகிறது.

தேவைக்கு மேல் எதையும் திருப்பித் தராதீர்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009இல் சாதன இடைமுகங்களுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கியது. பேட்டரியின் நிலையைச் சொல்லும் இடைமுகம் அக்குழுவில் உருவானதுதான். மின்னளவு, மின்னேற்றம் முடியும் நேரம், மின்சாரம் தீரும் நேரம் என்று அது கொடுத்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே பயனரைப் பல தளங்களில் அடையாளம் காணலாம் என்று 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் 52 அதை இணையப் பக்கங்களிடமிருந்து நீக்கிவிட்டது. தீங்கற்றதாகத் தோன்றும் எண்ணும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், என் ‘இடம்_பெறு’ அட்சரேகை, தீர்க்கரேகை, துல்லியம், நேரம் ஆகிய நான்கை மட்டுமே தருகிறது. உலாவி தரக்கூடிய வேகத்தையும் திசையையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

இரண்டாம் படி: எல்லா அழைப்புக்கும் ஒரே வடிவம்

உலாவியின் ஜியோலொகேஷன் இடைமுகம், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் பிராமிஸ் வருவதற்கு முன் வடிவமைக்கப்பட்டது. ஆகவே வெற்றிக்கு ஒன்றும் தோல்விக்கு ஒன்றுமாக இரண்டு ஃபங்ஷன்களைக் கேட்கிறது. பின்னால் வந்த கேமரா இடைமுகமோ பிராமிஸைத் தருகிறது. இந்த வேறுபாடு உங்கள் கோப்பைத் தாண்டி வெளியே தெரியக்கூடாது; பழையதைப் பிராமிஸுக்குள் பொதிந்துவிடுங்கள்.

பொதியும்போது காலக்கெடுவைக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் உலாவி எல்லையின்றிக் காத்திருக்கும். அந்த எண் மில்லிவினாடியில் எழுதப்படுவதால், 30 என்று எழுதினால் ஏறக்குறைய ஒவ்வொரு அழைப்பும் தோற்கும். 30 வினாடிக்கு 30000 என்று எழுத வேண்டும். உயர்துல்லியத் தேர்வையும் இயக்கிவிடுங்கள். சிக்னல் இல்லாத தோட்டத்தில் கோபுரங்களையும் வைஃபையையும் வைத்து இடம் கணிக்க வழியில்லை. ஜிபிஎஸ் மட்டுமே கைகொடுக்கும், அதுவும் ஓலை மறைப்பின் கீழ் தாமதமாகத்தான் கிடைக்கும்.

துல்லியம் என்பது மீட்டரில் வரும் ஆரம். அதைத் தூக்கி எறியாதீர்கள். 8 என்று வந்தால் குலை அடுக்கிய இடம் இதுதான் என்று நம்பலாம். 60 என்று வந்தால், அது பக்கத்துத் தோட்டக்காரரின் எல்லைக்குள்கூட இருக்கலாம். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் கிராணியார் என்பதால் அந்த எண் அவர் திரையில் தெரிய வேண்டும்.

மூன்றாம் படி: தோல்விகளைப் பிரித்தல்

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பாருங்கள். ஜியோலொகேஷன் மூன்று தோல்விக் குறியீடுகளைத் தருகிறது: 1 என்றால் அனுமதி மறுப்பு, 2 என்றால் இடம் கிடைக்கவில்லை, 3 என்றால் காலக்கெடு முடிந்தது. மூன்றுக்கும் ‘பிழை ஏற்பட்டது’ என்று ஒரே செய்தியைக் காட்டினால், மரத்தடியில் நிற்பவர் என்ன செய்வார்? 3 வந்தால் திறந்த வெளிக்கு வந்து மீண்டும் அழுத்தச் சொல்லலாம். 2 வந்தால் பாத்தி எண்ணைக் கையால் எழுத இடம் கொடுக்கலாம். 1 வந்தால் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. உலாவியின் அமைப்புகளில் அனுமதியை மாற்றும் வழியைப் படத்தோடு காட்ட வேண்டும்.

ஆனால் 1 என்ற குறியீடு வந்த உடனே பயனர் மறுத்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். குரோம் 50ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2016இலிருந்து, எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கங்களுக்கு இருப்பிடம் தருவதில்லை; கேள்விப் பெட்டியே எழும்பாமல் இதே 1 திரும்பி வரும். மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் ஒரு கணினி தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் பாதுகாப்பான முகவரியாகவே கருதப்படுகிறது. அதே பக்கத்தை வைஃபை வழியாக 192.168 என்று தொடங்கும் முகவரியில் கைப்பேசியில் திறந்தால் இருப்பிடமும் கிடைக்காது, கேமராவுக்கான ‘மீடியாடிவைசஸ்’ என்ற பொருளே அங்கே இருக்காது. நிரலில் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, மடிக்கணினியோடு கேபிளில் இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் அமைத்துவிட்டால், கைப்பேசியும் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரியிலேயே உங்கள் பக்கத்தைத் திறக்கும். சொந்தமாகச் சான்றிதழ் உருவாக்குவதைவிட எனக்கு இந்த வழியே பிடிக்கும். கைப்பேசியின் பிழைச் செய்திகளையும் அதே பக்கத்திலிருந்து திறந்து படிக்கலாம்.

நான்காம் படி: கேட்கும் நேரம்

பக்கம் திறந்ததும் அனுமதி கேட்காதீர்கள். பதிவுப் பொத்தானை அழுத்தியவருக்கு எதற்காகக் கேட்கிறார்கள் என்பது தானாக விளங்கும். அனுமதிப் பெட்டி திறந்திருக்கும் நேரத்தைக் காலக்கெடுவில் சேர்க்கக்கூடாது என்பது தரத்தின் விதி. ஆகவே ஒருவர் நிதானமாகப் படித்து முடிவெடுத்தாலும் உங்கள் 30 வினாடி குறைவதில்லை.

படத்துக்கு என் பரிந்துரை எளியது. ஒரே ஒரு படம் போதுமென்றால் நேரடிக் கேமரா இடைமுகத்தைத் தொடவே வேண்டாம். கோப்பு உள்ளீட்டில் ‘கேப்ச்சர்’ பண்பைச் சேர்த்தால் கைப்பேசியின் சொந்தக் கேமராவே திறக்கும், படம் எடுத்தவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அது உங்களிடம் வந்து சேரும்.

பின்னர்ச் சேர்த்தது: ஐபோன் வைத்திருக்கும் வாசகர்கள், பதிவானதும் அதிர்வு வருவதில்லை என்று எழுதியிருந்தார்கள். ஐபோனின் சஃபாரியில் அதிர்வு இடைமுகம் கிடையாது. ஃபங்ஷனுக்கு ‘அதிரவை’ என்று பெயரிட்டிருந்தால் செயலி முழுவதும் போய் மாற்ற வேண்டியிருந்திருக்கும். ‘பதிந்ததை_உணர்த்து’ என்று இருந்ததால், அதிர்வு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாத கைப்பேசியில் திரையைப் பச்சையாக்கும் சில வரிகளை அந்த ஒரே கோப்பில் மட்டும் சேர்த்தேன்.