புதுச் சுவரில் ஊரும் பழுப்பு வண்டு

புதிதாகப் பூசிய சுவரிலோ குளியலறை ஓரத்திலோ 1 முதல் 2 மி.மீ. அளவில் பழுப்பு வண்டுகள் ஊர்ந்தால் உடனே மருந்து அடிக்க ஓடாதீர்கள். அவை மரத்தை அரிப்பதில்லை; ஈரத்தில் படியும் பூஞ்சணத்தைத்தான் தின்கின்றன. ஈரம் இருக்கும்வரை எத்தனை முறை அடித்தாலும் திரும்ப வரும். முதலில் கசியும் குழாயைப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிவைத்து, மின்விசிறியை ஓடவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சணம் தழைக்காது. இருப்பதைச் சோப்புநீர்த் துணியால் துடைத்து உலரவிடுங்கள். காய்ந்தபடி தேய்த்தால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். அரிசி டப்பாவில் இவை தெரிந்தால் கதை வேறு. அரிசியில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம், முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், பூஞ்சண நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.