ஐஎஸ்ஏ கார்டு: முதலில் தாள், அப்புறம் ஜம்பர்

386, 486 பிராசஸர் காலத்துப் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கிளப்பி, அதில் சவுண்ட் கார்டும் நெட்வொர்க் கார்டும் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இது. ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தன்மேல் எந்தக் கார்டு உட்கார்ந்திருக்கிறது என்பதே ஐஎஸ்ஏ பஸ்ஸுக்கு, அதாவது கார்டுகளைப் பிராசஸரோடு இணைக்கும் பொதுக் கம்பிகளுக்கு, தெரியாது. எந்தக் கார்டுக்கு எந்த எண் என்ற கணக்கு நம் பொறுப்பு.

1981இல் ஐபிஎம் பிசியில் வந்த ஸ்லாட்டுக்கு 62 தொடர்புகள். அதில் 8 டேட்டாவுக்கு, 20 முகவரிக்கு. மீதி மின்சாரமும் கட்டுப்பாடும். 1984இல் ஏடி வந்தபோது 36 தொடர்புள்ள இன்னொரு துண்டை ஒட்டி 16 பிட் ஆக்கினார்கள். எல்லா ஸ்லாட்டும் ஒரே கம்பிகளில்தான் தொங்குகின்றன. அதனால் கார்டின் நீளத்துக்குப் பொருந்தும் எந்த ஸ்லாட்டில் செருகினாலும் ஒன்றுதான். மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பது வீண் வேலை.

பிராசஸர் 220 என்ற முகவரியைக் கம்பிகளில் வைத்து, படிக்கும் சிக்னலைக் கொடுத்தால் அது எல்லாக் கார்டுக்கும் கேட்கும். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி. அந்த எண்ணுக்குரிய கார்டு மட்டும் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். இரண்டு சேர்ந்து சொன்னால், ஒன்று கம்பியை மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும். பிராசஸருக்கு வருவது குப்பை.

சரி, தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: முகவரி, ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரை அழைக்கும் கம்பியின் எண்), டிஎம்ஏ (பிராசஸர் இடையில் வராமல் கார்டும் மெமரியும் டேட்டா மாற்றிக்கொள்ளும் தடத்தின் எண்). ஏற்கெனவே இடம்பிடித்தவர்களை முதலில் எழுதுங்கள். ஃபிளாப்பிக்கு ஐஆர்க்யூ 6, டிஎம்ஏ 2. பிரிண்டர் போர்ட்டுக்கு முகவரி 378, ஐஆர்க்யூ 7. சீரியல் போர்ட்டுகளில் காம் 1க்கு ஐஆர்க்யூ 4, காம் 2க்கு 3. ஹார்ட் டிஸ்க்குக்கு ஐஆர்க்யூ 14. முகவரிகளெல்லாம் ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட) எண்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சவுண்ட் பிளாஸ்டர் வகைக் கார்டுக்கு 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 கொடுங்கள். டாஸ் என்ற அந்தக் கால இயங்குதளத்தின் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பழக்கமான எண்கள் இவை. நெட்வொர்க் கார்டு என்இ2000 வகை என்றால் 300 நல்லது. 360 வேண்டாம். அந்தக் கார்டு தொடக்க எண்ணிலிருந்து 32 முகவரிகளை எடுத்துக்கொள்ளும். 360இல் ஆரம்பித்தால் 37எஃப் வரை போய், நடுவில் இருக்கும் பிரிண்டரின் 378ஐ விழுங்கிவிடும். தொடக்க எண்ணை மட்டும் எழுதி வைப்பவர்கள் மாட்டுகிற இடம் இதுதான். முடியும் எண்ணையும் எழுதுங்கள்.

ஐஆர்க்யூவைப் பகிர முடியாதா என்று கேட்பார்கள். பின்னால் வந்த பிசிஐ பஸ்ஸில் முடியும்; அங்கே கம்பியைத் தாழ்த்திப் பிடித்தபடி பல கார்டுகள் காத்திருக்கலாம். ஐஎஸ்ஏயில் சிக்னல் தாழ்விலிருந்து மேலே ஏறும் அந்த நொடிதான் கணக்கு. ஒரு கார்டு ஏற்கெனவே கம்பியை உயர்த்தி வைத்திருந்தால் இன்னொன்றின் அழைப்பு தெரியவே தெரியாது. காம் 2இல் மோடம் இருக்கும்போது நெட்வொர்க் கார்டையும் 3இல் வைத்தால் இரண்டில் ஒன்று ஊமையாகிவிடும். 16 பிட் கார்டாக இருந்து அதில் வசதியும் இருந்தால் 10 அல்லது 11க்கு மாற்றுங்கள். 8 பிட் கார்டுக்கு அந்தக் கம்பிகளே எட்டாது.

நினைத்த இடம் காலியா என்று பார்க்க, டாஸோடு வரும் டீபக் என்ற நிரல் போதும். கார்டைச் செருகும் முன் அதில் ஐ என்ற ஆங்கில எழுத்துக் கட்டளையோடு 300 என்று அடியுங்கள். எஃப்எஃப் வந்தால் பெரும்பாலும் அங்கே ஆள் இல்லை. ஆனால் கண்ட எண்ணையெல்லாம் அடித்துப் பார்க்காதீர்கள்; சில போர்ட்டுகளைப் படித்தாலே கார்டு ரீசெட் ஆகிவிடும்.

அப்புறம் வேலை சுலபம். பவர் கேபிளைக் கழற்றுங்கள், உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டு ஜம்பர்களை (கார்டின் எண்களைத் தீர்மானிக்கும் குட்டி இணைப்பு மூடிகளை) மாற்றுங்கள். கார்டின் தங்க விளிம்பு மங்கியிருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் போட வேண்டாம்: முதலில் சவுண்ட் கார்டு, அது பாடிய பிறகு நெட்வொர்க். கம்ப்யூட்டர் தொடங்கும்போது டாஸ் ஓட்டும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பிளாஸ்டர் என்ற மாறிக்கு ஏ220 ஐ5 டி1 என்று கொடுங்கள். அது கார்டை மாற்றாது, ஜம்பர் எங்கே இருக்கிறது என்று விளையாட்டுகளுக்குச் சொல்லும், அவ்வளவே. இரண்டும் பொருந்தாவிட்டால் முதல் சத்தத்திலேயே விளையாட்டு உறைந்து நிற்கலாம்.